நாடே வெறுத்ததா வி.பி.சிங்கை?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துண்டறிக்கையில் என் உரைக்கு ‘மக்கள் வெறுத்த பிரதமர்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. சீண்டிப் பார்க்கத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சரி, சீண்டியாகிவிட்டது. அந்த ‘மக்கள்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

விஸ்வநாத் பிரதாப் சிங் 1989 டிசம்பர் 2 முதல் 1990 நவம்பர் 10 வரை பிரதமராக இருந்தார். ஓராண்டுகூட இல்லை. அதற்கு முன் அவர் வெறுக்கப்பட்டவர் அல்ல, கொண்டாடப்பட்டவர். ராஜீவ் காந்தி அரசின் நிதியமைச்சராக இருந்து பெருமுதலாளிகள் மீது வரிச் சோதனை நடத்தியவர், போஃபர்ஸ் ஊழலை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர். ‘ராஜா அல்ல, பக்கிரி, இந்த நாட்டின் விதி’ என்று வட இந்தியா முழுக்க முழக்கம் போட்டார்கள். ‘நேர்மையாளர்’ என்ற பட்டத்தை ஆங்கில ஏடுகளே அவருக்குக் கொடுத்தன.

1990 ஆகஸ்ட் 7. மண்டல் குழுப் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்றோடு அந்த நேர்மையாளர் செத்துப்போனார். அதிகார வெறியர், சாதிவெறியர், நாட்டைத் துண்டாடியவர் ஆனார். எட்டு மாதத்தில் ஒரு மனிதனின் குணம் இப்படியா மாறும்? மாறியது அவர் கைவைத்த இடம்.

மண்டல் அறிக்கை 1980 டிசம்பர் 31 அன்றே கொடுக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் 52 விழுக்காடு. மத்திய அரசின் முதல்நிலைப் பணிகளிலோ 4.69 விழுக்காடு என்று அது கணக்குக் காட்டியது. பத்து ஆண்டுகள் அந்த அறிக்கை தூங்கியது. அந்தத் தூக்கத்தை எதிர்த்து டெல்லியில் எந்தக் கல்லூரியும் மூடப்படவில்லை.

அறிவிப்பு வந்ததும் தெருவுக்கு வந்தார்கள். நீங்களும் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மாணவர்கள் சாலையில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போடுகிறார்கள், விளக்குமாறு எடுத்துத் தெருக் கூட்டுகிறார்கள். ‘இட ஒதுக்கீடு வந்தால் எங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சும்’ என்பது அதன் பொருள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாலிஷ் போடுவது ஒருவருக்குப் பிழைப்பு, இவர்களுக்கு அதுவே சாவுக்குச் சமமான அவமானம். அந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் சிலர், அதற்கு அப்பாற்பட்டுப் பிறந்தவர்கள் சிலர் என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படி ஒரு போராட்ட வடிவம் யாருக்காவது தோன்றுமா? இன்னொன்றையும் பாருங்கள். அரசு ஆணை பிற்படுத்தப்பட்டோருக்கானது. கேலி செய்யப்பட்டதோ தலித்துகளின் தலையில் சாதி கட்டிய வேலைகள். கோபம் யார் மேல் போய் முடியும் என்பதற்கு அவர்களுக்குப் பாடத்திட்டம் தேவைப்படவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து உண்மையாகவே செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் ‘இதைப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கிறது’ என்று கேட்டு எழுதிய ஒரு செய்தியைக்கூட நான் இதுவரை படித்ததில்லை.

செப்டம்பர் 19 அன்று டெல்லியில் ஒரு மாணவர் தீக்குளிக்க முயன்றார். அவரைத் தொடர்ந்து பலர். உயிர்களும் போயின. அந்தச் சாவுகளை நான் எள்ளளவும் கேலி செய்யமாட்டேன். இருபது வயதுப் பிள்ளைகளிடம் ‘உன் எதிர்காலம் முடிந்துவிட்டது’ என்று நாள்தோறும் எழுதிக் காட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆசிரியர் அருண் ஷோரி அதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். அந்த எதிர்ப்புதான் ‘நாட்டின் கருத்து’ என்று பதிவானது. 52 விழுக்காட்டின் கருத்து எங்கே அச்சானது?

தமிழ்நாட்டில் இந்தத் தீ பரவவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அறிவு அதிகம் என்பதால் அல்ல. இங்கே அந்தச் சண்டை 1920களிலேயே தொடங்கிவிட்டது, 1990க்குள் 69 விழுக்காடு வந்துவிட்டது. ஒரு வேடிக்கை பாருங்கள். தேசிய முன்னணியில் இருந்த தி.மு.க.வுக்கு 1989 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஓர் இடம்கூடத் தரவில்லை. இங்கிருந்து வாங்கிக்கொள்ள எதுவுமே இல்லாத அந்தப் பிரதமர்தான் 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைத்தார். அம்பேத்கருக்குப் பாரத ரத்னா, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம், பௌத்தம் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி எல்லாம் அந்தப் பதினொரு மாதங்களில் நடந்தவைதான்.

‘ஓட்டுக்காகச் செய்தார், தேவிலாலை மடக்கச் செய்தார்’ என்று இன்றும் சொல்கிறார்கள். தேவிலாலோடு மோதல் இருந்தது உண்மை, அதற்குச் சில நாள் முன்புதான் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். இருக்கட்டுமே. பெரும்பான்மை மக்களின் ஓட்டுக்குப் பயந்து ஆட்சியாளர் ஒரு நல்ல காரியம் செய்வதற்குப் பெயர்தானே ஜனநாயகம்? அந்த ஓட்டாவது அவருக்குக் கிடைத்ததா? அத்வானியின் ரதம் 1990 அக்டோபர் 23 அன்று சமஸ்திப்பூரில் நிறுத்தப்பட்டது. பா.ஜ.க. ஆதரவை விலக்கியது. நவம்பர் 7 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 142, எதிர்ப்பு 346. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜனதா தளம் 143 இடங்களிலிருந்து 59க்கு இறங்கியது. சொந்த தாக்கூர் சாதி அவரைத் துரோகி என்றது. பயன்பெற்ற சாதிகளோ தங்கள் தங்கள் தலைவர்களைத் தேடிக்கொண்டன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாண்டா அரண்மனைக்காரர் எதற்கு, நம்மில் ஒருவர் வரட்டும் என்று நினைத்தது சரிதான்.

அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. உத்தரப் பிரதேச முதலமைச்சராக அவர் இருந்தபோது கொள்ளையர் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த மோதல் கொலைகள் மீது கடும் குற்றச்சாட்டுகள் உண்டு. பா.ஜ.க.வின் தோளில் கைபோட்டுத்தான் பிரதமரானார். 1990 ஜனவரியில் ஜக்மோகனைக் காஷ்மீருக்கு ஆளுநராக அனுப்பியது அவரது அரசுதான். அதன் விலையைக் காஷ்மீரிகள் கொடுத்தார்கள். இவற்றுக்காக அவரை வெறுப்பவரோடு நான் உட்கார்ந்து பேசத் தயார். ஆனால் வெறுத்தவர்களின் குற்றப்பட்டியலில் இவை எதுவும் இல்லையே!

1992 நவம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 27 விழுக்காடு செல்லும் என்றது. கூடவே ‘கிரீமி லேயர்’ என்ற வடிகட்டியையும் மாட்டிவிட்டது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் அதே 27 செல்லும் என்று தீர்ப்பு வந்தது 2008 ஏப்ரலில். ஐஐடிக்கும் எய்ம்ஸுக்கும் போன நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போனார்கள். பல ஆண்டுகள் புற்றுநோயோடும் சிறுநீரகக் கோளாறோடும் போராடிய வி.பி.சிங், அதே 2008 நவம்பர் 27 அன்று இறந்தார். முந்தைய இரவுதான் மும்பைத் தாக்குதல் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சிகளில் ஒரு வரிச் செய்தியாக ஓடினார். அன்று அதற்கு நியாயம் இருந்தது. மறுவாரமும் அதற்கு அடுத்த வாரமும் அந்த ஒரு வரி நீளவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவருக்குச் சிலை வந்தது 2023இல். பேருந்தில் போகும்போது இறங்கி ஒருமுறை பாருங்கள்.

1990 ஆகஸ்ட் 13 அரசு ஆணையின் நகலைக் கொண்டு வந்திருக்கிறேன். சிறிய ஆணைதான், மொழியும் வறண்ட அலுவலக மொழி. கைமாற்றி வாசியுங்கள். நாடு எரிந்ததாகச் சொல்கிறார்களே, அது இந்தத் தாளுக்காகத்தான். வாசித்துவிட்டுக் கேள்விகள் கேளுங்கள், பேசலாம்.