லூல்கந்துரவுக்கு ஒரு நடை
(கொழும்பில் தொழில் செய்யும் மலையக இளைஞர் கூட்டத்தில், கொட்டாஞ்சேனையில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை சாப்பாட்டுக் கடைகளிலும் நாள் முழுக்க நின்று உழைக்கிறோம். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் நேரே வீட்டுக்கு ஓடுகிறோம். இம்முறை அந்த லீவில் ஒரு நாளை ஒதுக்கி, லூல்கந்துர தோட்டத்துக்கு நடந்து போய் வரவேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

ஹந்தானையிலிருந்து கலஹா, லூல்கந்துர வழியாகப் போகும் மலைப்பாதைக்கு இப்போது 'பெக்கோ டிரெயில்' என்று பெயர். நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். வெளிநாட்டார் முதுகில் பையோடு வந்து நடக்கிறார்கள். பாதை புதிதல்ல. பெரும்பகுதி தேயிலை கொண்டுபோன பழைய தோட்டப் பாதைதான். நம் பாட்டனும் பாட்டியும் தலைச்சுமையோடு நடந்த மலைகள் இவை.

லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துத் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையின் தேயிலை வியாபாரம் அங்கேதான் தொடங்கியது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கையை இன்றும் காட்டுகிறார்கள். பாருங்கள், அதுவும் வரலாறுதான். ஆனால் அந்த 19 ஏக்கரில் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

தெரிந்த ஒரு பெயரைச் சொல்கிறோம். அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான் முல்லோயா தோட்டம். கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில், 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் உயிர்விட்டார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைப் போற்றுகிறோம். அந்த வழியே நடப்பவர்களுக்கு இந்தக் கதையை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

இன்னொன்று, வயிற்றுப்பாடு. நடக்க வருகிறவர் இரவு தங்க அறை தேடுகிறார். பழைய துரை பங்களாக்கள் பல இன்று ஹோட்டல்கள். லயத்தில் இருக்கும் அம்மாவும் அறை ஒதுக்கி, ரொட்டி, சம்பல் கொடுத்து நாலு காசு பார்க்கலாம். ஆனால் லயம் அவர் பெயரில் இல்லை. உறுதி இல்லாத வீட்டை வைத்துக் கடனும் வாங்க முடியாது. காணி, வீட்டு உரிமைக் கோரிக்கையைச் சங்கம் விடாமல் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தோழர்களே, லீவில் நடந்து வாருங்கள். தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஜனவரி 10ஆம் திகதி கோவிந்தன் நினைவுக் கூட்டத்தில் அவற்றை வாசிப்போம். யாராவது "ஊர் எது?" என்று கேட்டால், கண்டிப் பக்கம் என்று மழுப்பாமல், தோட்டத்தின் பெயரையே சொல்லுங்கள்.