மலைப்பாதையில் இரு கார்கள்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. டீசல் காருக்கும் பெட்ரோல் காருக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்தறிய இதைவிடத் தக்க பரீட்சைக் களம் கிடைப்பது அரிது. கற்பனையிலேனும் என்னுடன் அவ்வழியே வாருங்கள்.

புறப்படுமுன் ஒரு செய்தி. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறியே இல்லை. காற்றை மட்டும் உள்ளிழுத்து, ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூடுதான் இங்கே பன்மடங்காகி, பீச்சப்படும் டீசலைத் தானே எரியச் செய்கிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இயக்கிக் காட்டியது இதைத்தான்.

இனி மலையேறுவோம். 2011-இல் வெளிவந்த மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்கிறேன்; ஒரே உடலில் இருவகை எஞ்சினும் அதற்கு இருந்தன. குதிரைத்திறனில் பெட்ரோலே மூத்தது: 85-க்குச் சற்று மேல். டீசலுக்கு 75-க்கும் குறைவு. ஆயினும் முறுக்குவிசையைப் பாருங்கள். டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் தந்தது. பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றில் தந்ததோ 114 தான். ஆகவே வளைவு முடிந்ததும் பெட்ரோல் காரோட்டி கியரைக் குறைத்து, எஞ்சினை அலறவிட்டு ஏறுகிறார். டீசல் காரோட்டியோ ஆக்ஸிலரேட்டரை இலேசாக அழுத்துகிறார். யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் வண்டி நகர்கிறது. ஆனால் அவரும் சுற்றுகளை மிகத் தாழவிட்டால், காற்றைத் திணித்துத் தரும் டர்போ உறங்கிவிடும், வண்டி திணறும்.

பழைய அம்பாசிடர் டீசலை ஓட்டியவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். டர்போ இல்லாத அந்த வண்டி மலையேறிய அழகு வேறு!

இறங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றை அவ்வளவு நெருக்கும் டீசல் எஞ்சின் வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும் என்று எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. நெருக்கப்பட்ட காற்று வில்லைப்போல் விரிந்து, வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினிலோ, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று புகும் வழி மூடிக்கொள்கிறது. மூடிய வாயில் மூச்சிழுக்கும் பாடு எஞ்சினைத் தளர்த்துகிறது. டீசலில் வேகத்தை ஆள்வது எரிபொருளின் அளவே என்பதால் அந்தத் தடை குறைவு. பெரிய டீசல் லாரிகளில் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகம் தணிக்கும் தனி பிரேக் பொருத்துவது இதனால்தான்.

காரில் அது இராது. எனவே டீசல் காரில் இறங்குவோர் முதல் வளைவிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். காரவள்ளியில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தருகே சற்றுக் குனியுங்கள். கருகிய வாடை வீசினால், எஞ்சின் செய்திருக்க வேண்டிய வேலையைப் பிரேக் செய்திருக்கிறது.