தனியாக நடப்பதா, துணையோடு நடப்பதா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் "பெண்கள் உடல்நலம்" அமர்வில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வரவு செலவு வாசிக்கச் சொன்னால் தயங்காமல் வாசித்துவிடுவேன். எட்டு வருஷம் குழுவில் ஊக்குநராக இருந்த பழக்கம். உடற்பயிற்சி பற்றிப் பேசு என்றதும்தான் கொஞ்சம் உதறல். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நடந்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு சின்னப் புண், செருப்புக் கடிதானேன்னு விட்டாங்க. கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாச்சு. அதைப் பார்த்த பிறகும் நான் எனக்குப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, நம்ம குழுவுலேயே இருக்கிற தங்கச்சி ஒருத்தி தன்னார்வலராகி, மிஷினோடு என் வீட்டு வாசலுக்கே வந்தாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, 264 காட்டுது"ன்னா. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அம்மா கால்தான் கண்ணுக்குள்ளே நின்றது.

மாத்திரை கொடுத்தார்கள். தினமும் நடக்கவும் சொன்னார்கள். நான் தையல் வேலை செய்கிறவள். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன்.

இங்கே சிலர் கேட்பீங்க: "களை எடுக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போறோம், குடம் குடமா தண்ணி தூக்குறோம். இதுக்கு மேல என்ன நடை?" நியாயமான கேள்வி. மூச்சு வாங்கச் செய்கிற வேலையும் கணக்கில் சேரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. அரை மணி நேரம், ஐந்து நாள். ஆனால் என்னை மாதிரி உட்கார்ந்தே பிழைக்கிறவங்களுக்கு அது தானாகக் கிடைக்காது. தேடிப் போய்த்தான் சேர்க்கணும், சேமிப்பு மாதிரி.

முதலில் தனியாகத்தான் கிளம்பினேன். விடியற்காலை ஐந்து மணி. தெருமுனையில் நாய். அதைத் தாண்டினால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏற இறங்கப் பார்க்கிற ஆட்கள். வீட்டிலேயும், "மகாராணி எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு ஒரு கேலி. நான்கு நாளில் நின்றுவிட்டது.

பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவங்களுக்கு முழங்கால் வலி. "நீ வந்தா நானும் வர்றேன்"ன்னாங்க. அவ்வளவுதான். மழை தூறினாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அவங்க வந்து நிற்கும்போது நான் போர்த்திக்கொண்டு படுத்திருக்க முடியுமா? இரண்டு பேராய்ப் போனதும் அதே டீக்கடை, அதே நாய், எதுவும் பெரிசாத் தெரியல.

ஒரு பயிற்சியில் ஒரு சேதி சொன்னார்கள். 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்பவர் பெர்லின் படகு வலிப்பவர்களை வைத்து எடை தூக்கும் சோதனை நடத்தினாராம். பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட இன்னொருவரோடு சேர்ந்து தூக்கும்போது அதிக நேரம் தாக்குப்பிடித்தாராம். தன்னால் மற்றவருக்குத் தடை வரக்கூடாது என்கிற எண்ணம்தான். ஆனால் இரண்டு பேர் பலத்துக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் இது நடக்காதாம். அதனால்தான் சொல்றேன், ஓட்டப்பந்தய வேகத்தில் போகிற மகளைத் துணைக்குப் பிடிக்காதீங்க. நம்மைவிடக் கொஞ்சம் வேகமாக நடக்கிற ஒருத்தரைப் பிடிங்க.

துணையால் இன்னொரு லாபம். நடக்கும்போது பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பாட முடிந்தால் சோம்பல் நடை. பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் குறைச்சுக்கணும். பக்கத்தில் ஆள் இருந்தால் இது தானாகத் தெரியும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவங்களுக்கு வழியில் சர்க்கரை இறங்கலாம். கை நடுங்கும், திடீர்னு வேர்க்கும், பேச்சு குழறும். கூட வருகிறவருக்கு இது தெரிந்திருக்கணும். முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிஞ்சு வைச்சுக்கங்க.

சரி, துணையில் குறையே இல்லையா? இருக்கு. நானும் அக்காவும் சில நாள் ஊர்க்கதை பேசிப் பேசி, நடந்ததைவிட நின்றது அதிகம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் அக்கா திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. மருமகள் பனியன் கம்பெனிக்குப் போகுது, பேரனைப் பார்க்க ஆள் இல்லை. போன மறுநாளே என் நடையும் நின்றது. "நாளைக்கு, நாளைக்கு"ன்னு மூன்று மாசம் ஓடிவிட்டது. அந்தத் தங்கச்சி மறுபடி வந்து குத்திப் பார்த்தாள். 180க்கு வந்திருந்தது 241 ஆகியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையில் எழுதிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அக்கா ஊருக்குப் போனால் என் உடம்புமா கூடப் போகும்?

அன்று சாயங்காலம் திருப்பூருக்குப் போன் போட்டேன். "நான் மொட்டை மாடியில பேரனைத் தூங்க வைச்சுட்டுத் தினமும் நடக்கிறேன்டி, நீ நிறுத்திட்டியா?"ன்னு கேட்டாங்க. முழங்கால் வலிக்காரி நடக்கிறாங்க, நான் படுத்திருக்கேன். மறுநாளே கிளம்பினேன், தனியாக. இப்போது காலை ஐந்தரைக்கு அவங்க ஒரு மிஸ்டு கால் கொடுப்பாங்க, நான் திருப்பி ஒன்று. எங்க இரண்டு பேருக்கும் அதுதான் வருகைப் பதிவேடு.

தனியாக நடந்த பிறகுதான் இன்னொன்றும் புரிந்தது. அந்த அரை மணி நேரம் யாரும் "அம்மா"ன்னு கூப்பிடுவதில்லை, "ஏய்"னும் கூப்பிடுவதில்லை. கடன் தவணை, பிள்ளை படிப்பு எல்லாம் மனசுக்குள் ஒரு ஒழுங்குக்கு வருது. வாரத்தில் இரண்டு நாள் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று தசைக்கான பயிற்சியும் செய்கிறேன். அதற்குத் துணையே தேவையில்லை, அடுப்படிச் சுவர் போதும்.

ஆகவே என் பதில் இதுதான். தொடங்க ஒரு துணை வேண்டும், தொடர நம்ம கால் வேண்டும். குழுவில் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஆனா தவணையை அவங்கவங்கதான் சம்பாதிச்சுக் கட்டணும், இல்லையா? அது போலத்தான் இதுவும்.

கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு குழுவிலும் அருகருகே இருக்கிற உறுப்பினர்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒருத்தர் ஊருக்குப் போனாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். இரண்டு, பள்ளிக்கூடத்துச் சாலையில் எரியாத தெருவிளக்குகளுக்காக அடுத்த கிராம சபையில் நாமே மனுக் கொடுப்போம். தனியாக நடக்கிறவளுக்கு அந்த வெளிச்சம்தான் துணை. மூன்று, மாதக் கூட்டத்தில் சேமிப்பு கேட்கும்போது, "இந்த மாசம் நடந்தீங்களா?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்கள். அபராதம் வேண்டாம், கேட்டால் போதும்.

போன வாரம் எனக்கு 152 காட்டியது. இன்னும் குறையணும், குறைப்பேன். நாளைக்குக் காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளையார் கோயில் முக்கில் நிற்பேன். வர்றவங்க வாங்க. யாரும் வராவிட்டாலும் நான் நடப்பேன்.