குமிழி விழாத காப்பான்



பால் உறையவைக்கும் பாத்திரத்தில் நுரையை வழித்தெடுக்காவிட்டால் சீட்டில் குமிழி விழும், தரம் குறையும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று நாம் பேச வந்தது மரத்தில் சுரக்காத ரப்பரைப் பற்றி. மணலிலிருந்து பிரிக்கும் சிலிக்கனை மூலமாகக் கொண்டு செய்யும் சிலிக்கோன் ரப்பர் அது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன நம் பிள்ளைகள் கையாள நேரும் சரக்கு.

மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் கம்பியைத் தாங்கி நிற்கும் இன்சுலேட்டர், அதாவது காப்பான், முன்பு பீங்கானிலும் கண்ணாடியிலுமே செய்யப்பட்டது. இப்போது கண்ணாடி இழைத் தண்டின்மேல் இந்த ரப்பரை அச்சில் வார்த்துக் குடை குடையாகவும் அமைக்கிறார்கள். சேம்பிலையில் உருளுவதுபோல் மழைநீர் அதில் உருண்டோடும்.

உள்ளே காற்று அகப்பட்டாலோ, அந்தக் குமிழிக்குள் மின்பொறி தோன்றிச் சிறுகச் சிறுக ரப்பரை அரிக்கும். ரப்பர் தண்டில் ஒட்டாவிட்டால் ஈரம் புகும். தண்டு முறிந்து கம்பியே கீழே விழலாம். அந்த வழியே நடந்து போகிறவர்களும் நம் போன்றவர்கள்தாம்.

ஆகவே வார்க்குமுன் கலவையிலுள்ள காற்றை வெற்றிடத்தில் இழுத்துவிட வேண்டும். அச்சில் காற்று வெளியேறும் நுண்வழிகள் அடைபடாதிருக்க வேண்டும். தண்டைத் துடைத்து, ஒட்டுப்பூச்சைச் சீராகத் தடவியபின் வெறுங்கையால் தொடலாகாது.

கையுறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிளாட்டினத்தின் உதவியால் இறுகும் வகைக்குக் கந்தகம் ஆகாது. நம் பாலில் செய்யும் கையுறையிலோ கந்தகம் உண்டு! அதை அணிந்து தொட்டால், தொட்ட இடம் இறுகாமல் பிசுபிசுக்கும். நம் மரத்துப் பால்தான். ஆனாலும் அங்கே அதற்கு இடமில்லை. வினைல் கையுறை கேட்டு வாங்குங்கள்.

பெராக்சைடு சேர்த்த வகையைச் சுமார் 170 டிகிரி சூட்டில் குறித்த நேரம் அச்சில் வைக்க வேண்டும். தடித்த பகுதிக்குச் சூடு கடைசியில்தான் போய்ச் சேரும். எண்ணிக்கையைக் கூட்ட முன்னதாகவே அச்சைத் திறந்தால், அழுத்தம் நீங்கியதும் உள்ளிருக்கும் வாயு உப்பிக் குமிழியாகும். அவசரப்படுத்தியவர் ஒருவர், பழி வருவதோ அச்சருகே நின்றவன் தலையில். அதனால்தான் சூடு, நேரம், மாற்றச் சொன்னவர் பெயர் ஆகிய மூன்றையும் வேலை அட்டையில் எழுதவேண்டும் என்கிறோம். கிராணிமார்களே, இந்தக் கணக்கு உங்கள் கையில்.

வெளியே பளபளப்பதை நம்பாதீர்கள். ஒரு காப்பானை எடுத்து, ரப்பரைக் கத்தியால் கீறித் தண்டிலிருந்து உரித்துப் பாருங்கள். ரப்பரே கிழிந்து தண்டில் மிச்சம் நின்றால் ஒட்டு நல்லது. தோல்போல் சுத்தமாக உரிந்து வந்தால், அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.