மிஸ்ஸம்மாவும் மிஸ்ஸியம்மாவும்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ரீமேக்' என்றாலே நம்ம பிள்ளைகள் "காப்பி சார்" என்று முகம் சுளிக்கிறார்கள். ஹிட்ச்காக், 1934-ல் எடுத்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தை 1956-ல் தாமே மறுபடி எடுத்தார். அதுவும் காப்பியா? அவ்வளவு தூரம் போவானேன், நம்ம பக்கமே வருகிறேன்.

1955 பொங்கல் சமயத்தில் விஜயா புரொடக்ஷன்ஸ் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்று இரண்டு படம் வெளியிட்டது. இரண்டுக்கும் டைரக்டர் எல்.வி. பிரசாத். அப்போது திருத்தணி ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1960 ஏப்ரலில்தான் இந்தப் பக்கம் வந்தோம். எங்கள் வீட்டில் அப்பா தமிழ், அம்மா தெலுங்கு. எல்லைத் தகராறு தீர்ந்த பிறகும் 'எந்தப் படம் ஒசத்தி' என்ற தகராறு தீரவே இல்லை. இத்தனைக்கும் கதை இருவருக்கும் சொந்தமில்லை. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய வங்காள நாடகம்!

வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கிற இரண்டு வாத்தியார்கள். பானுமதி விலகியதால் மேரி வேஷம் சாவித்திரிக்கு வந்தது. அவரும் ஜமுனாவும் ரங்காராவும் இரண்டு படத்திலும் உண்டு. ஹீரோ அங்கே ராமாராவ், இங்கே ஜெமினி. இருவருக்கும் குரல் நம்ம சித்தூர் ஜில்லாக்காரர் ஏ.எம். ராஜா. கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியாது. திறந்தால், மேரியின் கோபத்தை ராமாராவ் ரசிக்கிறார், ஜெமினி குழைகிறார்.

பெரிய வித்தியாசம் துப்பறியும் மருமகன்தான். தெலுங்கில் அது நாகேஸ்வரராவ். 1953-ல் தேவதாஸாக அழவைத்தவர் இங்கே கோமாளித்தனம் பண்ணுவதில் ஒரு ருசி. தமிழில் தங்கவேலு, வாயைத் திறந்தாலே சிரிப்பு, ஆனால் அந்த ஆச்சரியம் கிடையாது. அதில் வேறொரு லாபம் உண்டு. ஜமுனாவுக்கு முன்னால் நாகேஸ்வரராவே நிற்கும்போது அவள் பாட்டு வாத்தியார் பக்கம் சாய்வாளா? தங்கவேலு நின்றால், 'சாய்ந்துவிடுவாளோ' என்று நமக்கே தோன்றும். அதனால் மேரியின் பொறாமை தமிழில்தான் நன்றாக எடுபடுகிறது. என் ஓட்டு அதற்கே. 1957-ல் பிரசாத்தே இந்தியில் எடுத்த 'மிஸ் மேரி'யில் மீனாகுமாரியும் ஜெமினியும், துப்பறிபவர் கிஷோர்குமார். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஹாஸ்டலில் தெலுங்குப் பிள்ளைகள் வீட்டுப் பாஷையை மறைத்துக்கொள்வதை நான் படித்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். நமது சங்கம் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டலாம். தெலுங்குப் படத்தன்று அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, வசனத்துக்கு அர்த்தம் கேளுங்கள். புரொஜெக்டர் வாடகை என் பொறுப்பு.