கை நரம்பின் வேகமும் குடும்ப நலமும்



மல்லாட்டை பிடுங்குற கை, ஆரணியில் தறி நெய்கிற கை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுற கை. இந்தக் கைகளை நம்பித்தான் நம் குடும்பங்கள் நடக்கின்றன. அந்தக் கையை இயக்குவது நரம்பு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

"விரலை மடக்கு" என்று மூளை இடும் கட்டளையை நரம்புதான் தசைக்குக் கொண்டு போகிறது. நல்ல கை நரம்பில் அது நொடிக்கு சுமார் 50 முதல் 60 மீட்டர் ஓடும். வேலூர் பஸ்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகம்! 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளையின் நரம்பில் இந்த வேகத்தை முதலில் அளந்தார். இன்று மனிதர் கையிலேயே அளக்கிறார்கள்.

தொழுநோய்க் கிருமி நரம்பின் உறையைக் கெடுக்கும். அப்போது கட்டளை மெதுவாகும். விரல் மடங்கிப் போவதற்கு முன்பே பலருக்கு இந்த வேகம் குறைந்துவிடுகிறது. சர்க்கரை நோயிலும் நரம்பு வேகம் குறையலாம்.

"கரண்ட் வைப்பாங்களாமே, ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்பீர்கள். பயப்படாதீங்க. சுண்டுவிரல் பக்கத்துத் தசைமேல் ஒரு பட்டை ஒட்டுவார்கள். மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கைக்கு மேலே ஒருமுறை சிறிய மின்தூண்டல் கொடுப்பார்கள். சுளீர் என்று இருக்கும், விரல் துள்ளும், அவ்வளவுதான். இரண்டு இடத்திலிருந்தும் தசைக்கு வந்து சேர்ந்த நேரத்தைக் கழித்துப் பார்ப்பார்கள். இடைத்தூரம் 30 சென்டிமீட்டர், நேர வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் 6 பங்கு என்றால் வேகம் 50 மீட்டர். அதே தூரத்துக்கு 12 பங்கு பிடித்தால் 25 மீட்டர்தான். நரம்புக்குக் கோளாறு என்று பொருள். கை ஜில்லென்று இருந்தாலும் வேகம் குறைந்து காட்டும். அதனால் கையைச் சூடாக்கிக் கொள்வார்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். விரல்களுக்கு நடுவில் ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள், பிடி தளர்கிறதா? பாதத்தை மேலே தூக்க முடிகிறதா? கண்ணை இறுக மூட முடிகிறதா? உணர்ச்சியில்லாத வெளிர் தேமல் உண்டா? சூடான பாத்திரம் சுட்டது தெரியாமல் கொப்புளம் வந்ததா? கிரிவலத்தில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து, கல் குத்தியதே தெரியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

காலம் கடத்தாதீர்கள். நரம்பு பலம் குறைந்து 6 மாதத்துக்குள் வந்தால், தகுந்த மருந்தால் பலருக்கு மீண்டும் பலம் திரும்புகிறது. கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். விரல் ஏற்கெனவே மடங்கிவிட்டதா? அதற்கும் வழி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலேயே தசைநாரை மாற்றி வைத்து அந்த விரல்களை நிமிர்த்திக் காட்டினார்.

இன்னொரு விஷயம். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முன்பு சட்டத்தில் இடம் இருந்தது. 2019-ல் மத்திய அரசு அதை நீக்கிவிட்டது. குணமாகக்கூடிய நோய்க்காகத் தாலி ஏன் பிரிய வேண்டும்? மாத்திரையை எடுத்துக் கொடுங்கள், துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து, ஒருவர் கையை ஒருவர் பாருங்கள்.