தீ அணைந்த பிறகு செய்ய வேண்டிய துப்புரவு



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழும் நமக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தீயையும் நாம் மறக்கலாகாது. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே கீற்றுதான் நம் மாட்டுக் கொட்டகைக்கும் கூரை. பக்கத்திலேயே வைக்கோல் போர்.

தீயை அணைக்க 101 எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்ததே. அணைந்த பின் என்ன செய்வது? "சாம்பல் உரம்தானே" என்று எல்லாவற்றையும் வாரித் தோட்டத்தில் கொட்டுவது தவறு. வைக்கோல் சாம்பல் வேறு. பிளாஸ்டிக்கும் பாட்டரியும் எரிந்த சாம்பல் வேறு.

முதல் வேலை

சாம்பலுக்குள் கங்கு பல நாள் உயிரோடிருக்கும். நீர் தெளித்துக் கிளறி, முழுவதும் ஆறிய பின்பே அள்ள வேண்டும். நிவாரணம் கோருவோர், கிராம நிர்வாக அலுவலர் பார்வையிட்டு, படமும் எடுத்த பின் பொருள்களை அகற்றுவது நல்லது. ஈரச் சாம்பல் தோலை அரிக்கும். ஆகவே கையுறை, செருப்பு, மூக்குக்குத் துணி அவசியம். குழந்தைகளும் கால்நடைகளும் அருகில் வரக்கூடாது. பாட்டரிச் சாம்பலை நக்கும் மாட்டுக்கு ஈய நஞ்சு ஏறும்.

மூன்று குவியல்

ஒன்று, வைக்கோல், கீற்று, விறகு எரிந்த தூய சாம்பலும் கரியும்.

இரண்டு, தகரம், இரும்பு, செங்கல், ஓடு. இவற்றில் மறுபடி பயன்படுவதைப் பிரித்து வைக்கலாம். செம்பு எடுப்பதற்காக மின்கம்பியை மீண்டும் கொளுத்தக் கூடாது. அந்தப் புகை நஞ்சு.

மூன்று, பூச்சிமருந்து டப்பா, பாட்டரி, உருகிய பிளாஸ்டிக், ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. ஆஸ்பெஸ்டாஸை உடைக்காமல், நீர் தெளித்து, பாலிதீன் தாளில் சுற்றி வைக்க வேண்டும். இந்தக் குவியலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ தள்ளாமல், ஊராட்சி அல்லது மாநகராட்சித் துப்புரவுப் பிரிவிடம் சொல்லி ஒப்படையுங்கள்.

சாம்பலை இடும் முறை

தூய சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் உண்டு. சாம்பல் சத்து மிகுதியாகத் தேவைப்படும் வாழைக்கு இது பயன்படும். ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. மணிகண்டம் வட்டாரம் போன்ற களர் நிலங்களில் இட்டால் களர் மேலும் கூடும். எனவே முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். களர் இல்லாத நிலத்தில் ஓரிடத்தில் குவிக்காமல் மெல்லத் தூவி மண்ணோடு கலக்கலாம். யூரியாவுடனோ அம்மோனியம் சல்பேட்டுடனோ கலந்தால் தழைச்சத்து காற்றில் போய்விடும். மழையில் நனைந்தால் சாம்பல் சத்து கரைந்துவிடுமாதலால் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

மரமும் வாழையும்

கருகிய வாழையை உடனே தோண்டி எறிய வேண்டாம். தண்டை வெட்டி நீர் பாய்ச்சினால், மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருந்தால் பக்கக் கன்று வரும். தென்னையில் குருத்து பிழைத்திருந்தால் காத்திருங்கள். குருத்து செத்த மரத்தை அடியோடு அகற்றுங்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, பிழைத்த மரங்களையும் தாக்கும்.

எரிந்து போனதைத் திரும்பப் பெற முடியாது. எஞ்சியுள்ள மண்ணும் கிணறும் கால்நடையும் கெடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. கூடையைத் தூக்குமுன் மூன்று குவியலாகப் பிரியுங்கள். மறுபடி கொட்டகை போடும்போது வைக்கோல் போரைத் தள்ளியே போடுங்கள்.